கோல்ட்: துப்பாக்கி விற்பனை உச்சத்தில் இருந்தபோது திவாலான கம்பெனி

கேள்வி: கோல்ட் போன்ற 180 ஆண்டுப் பழமையான துப்பாக்கி நிறுவனம், அதுவும் அமெரிக்காவில், 2015-ல் எப்படித் திவாலானது? துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் வழக்குகளும்தான் காரணமா? இப்போது அது யார் கையில் இருக்கிறது?

சட்டங்கள் காரணம் இல்லை. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில் அதுதான்.

கோல்ட் சரிந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் துப்பாக்கி வியாபாரம் எப்படி இருந்தது என்று பாருங்கள். கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் மத்திய அரசின் பதிவுகள் 2013-ல் முதன்முறையாக 2 கோடியைத் தாண்டின. அதே ஆண்டு ரூகர் நிறுவனத்தின் விற்பனை 68 கோடி டாலருக்கு மேல். 2014 ஏப்ரலோடு முடிந்த நிதியாண்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 62 கோடி டாலரைத் தாண்டியது. இரண்டுமே அந்தக் கம்பெனிகள் அதுவரை பார்க்காத உயரங்கள். வழக்குகளைப் பொறுத்தவரை, துப்பாக்கி குற்றத்துக்குப் பயன்பட்டது என்பதற்காக அதைத் தயாரித்தவர் மீது வழக்குப் போடுவதைப் பெருமளவு தடுக்கும் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. ஆக, ஊரே வாங்கிக் குவித்த காலத்தில், அந்தத் தொழிலின் மிகப் பிரபலமான பெயரைக் கையில் வைத்திருந்த கம்பெனி வட்டி கட்டப் பணமில்லாமல் நீதிமன்றத்துக்குப் போனது.

என் பதில் இதுதான்: கோல்ட் பல தலைமுறைகளாக அரசாங்கம் என்ற ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழ்ந்தது. அந்த ஒப்பந்தம் நிரந்தரம் என்ற நினைப்பில் அதன் உரிமையாளர்கள் கம்பெனியின் தலையில் கடனை ஏற்றி, பணத்தைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போனது, கடன் நின்றது. 2015 என்ற தேதிக்கு இந்த இரண்டாவது காரணத்தையே நான் முதலில் வைப்பேன். ஆனால் முதல் காரணம் மிகப் பழையது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1836-ல். நியூ ஜெர்ஸியின் பேட்டர்ஸன் நகரில் ஆலை தொடங்கினார். ராணுவம் பெரிதாக வாங்கவில்லை, 1842-ல் ஆலை மூடப்பட்டது. மெக்ஸிகோவோடு போர் வந்தபோது, டெக்ஸாஸ் ரேஞ்சர் படையில் இருந்த சாமுவேல் வாக்கர் மூலமாக 1847-ல் 1,000 ரிவால்வருக்கு அரசு ஆர்டர் கிடைத்தது. சொந்த ஆலை இல்லாததால் இன்னொருவரின் ஆலையில்தான் அவற்றைச் செய்து கொடுத்தார். கோல்ட் என்ற கம்பெனிக்கு மறுபிறவி கொடுத்தது அந்த ஆர்டர். முதல் ஆலை மூடியதும் அரசு வாங்காததால், இரண்டாவது ஆலை எழுந்ததும் அரசு வாங்கியதால் என்று இந்தக் கதையின் போக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது.

1855-ல் கனெடிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பெரிய ஆலை வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கோல்ட் இழந்தது எவ்வளவு பெரியது என்பது அதில்தான் இருக்கிறது. எலிஷா ரூட் என்ற அபாரமான பொறியாளர் அங்கே ஒவ்வொரு பாகத்தையும் இயந்திரத்தால் ஒரே அளவில் வெட்டும் முறையை வளர்த்தெடுத்தார். பிற்காலத்தில் விமான எஞ்சினுக்குப் பேர்போன பிராட் அண்ட் விட்னி என்ற பெயருக்குச் சொந்தக்காரர்களான ஃபிரான்ஸிஸ் பிராட், அமோஸ் விட்னி இருவரும் கோல்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஒரு வட்டாரத்தின் இயந்திரத் தொழிலுக்கே பள்ளிக்கூடமாக இருந்தது அந்த ஆலை. 1862-ல் சாமுவேல் கோல்ட் 47 வயதில் இறந்தார். 1864-ல் ஆலையின் பெரும்பகுதி எரிந்துபோனது. அவருடைய மனைவி எலிசபெத் கோல்ட் அதைத் திரும்பக் கட்டி, 1901-ல் முதலீட்டாளர்களுக்கு விற்கும் வரை கம்பெனியைத் தன் குடும்பத்தின் கையில் வைத்திருந்தார். 1873-ன் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர், ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911-ல் ராணுவம் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் என்று கோல்ட் பெயரை உலகம் அறிய வைத்தவை எல்லாம் ராணுவத்துக்காகச் செய்தவையே.

போர் வந்தால் லாபம், அமைதி வந்தால் நஷ்டம் என்பது பொதுவான எண்ணம். கோல்ட் விஷயத்தில் அதுவும் முழுக்கச் சரியில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 15,000 பேர் மூன்று ஷிஃப்டில் வேலை செய்தும் கம்பெனி நஷ்டத்தில்தான் ஓடியது. நிர்வாகம் மோசம், இயந்திரங்கள் பழையவை, தொழிலாளர்களோடு உறவு சரியில்லை. 1955-ல் பென்-டெக்ஸஸ் என்ற குழுமம் கோல்டை வாங்கியது. அதே குழுமம்தான் பெயர்கள் மாறி 1964-ல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆனது. பல தொழில்களைக் கையில் வைத்திருந்த அந்தக் குழுமத்துக்குத் துப்பாக்கி ஒரு சின்னப் பிரிவு மட்டுமே.

அந்தச் சின்னப் பிரிவுக்குப் பெரிய அதிர்ஷ்டம் அடித்தது. யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-15 ரைஃபிளின் உரிமையை 1959-ல் ஆர்மலைட் நிறுவனத்திடமிருந்து கோல்ட் வாங்கியது. அதன் ராணுவ வடிவம்தான் எம்-16. வியட்நாம் போரில் லட்சக்கணக்கில் வேண்டியிருந்தது. ஆனால் முக்கியமான காப்புரிமைகள் 1977-ல் காலாவதியாகின. வேறு யார் வேண்டுமானாலும் அந்த வகை ரைஃபிளைச் செய்யலாம் என்ற நிலை வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் அது. கோல்ட் அதைச் செய்யவில்லை.

1980களில்தான் உண்மையான அடி விழுந்தது. 1985-ல் ராணுவம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த 1911 பிஸ்டலைக் கைவிட்டு இத்தாலியின் பெரெட்டாவுக்கு மாறியது. அமெரிக்கப் போலீஸ் துறைகள் ரிவால்வரை விட்டுவிட்டு, அதிகத் தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆஸ்திரியாவின் க்ளாக், பிளாஸ்டிக் சட்டகத்தோடு எடை குறைவாகவும் விலை குறைவாகவும் வந்து அந்தச் சந்தையைப் பிடித்தது. கோல்டும் 1990களின் தொடக்கத்தில் ஆல் அமெரிக்கன் 2000 என்ற பிளாஸ்டிக் சட்டகப் பிஸ்டலை இறக்கியது. குறி சரியில்லை, நம்பகமாக இயங்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. 1993-ல் விற்றவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே தயாரிப்பு நின்றது. அதன் வடிவமைப்பில் ஸ்டோனரின் பங்கும் இருந்தது. ஆகவே திறமையான ஆள் கிடைக்கவில்லை என்று கோல்ட் சொல்லிக்கொள்ள முடியாது. நல்ல வடிவமைப்பைக் கடைக்குப் போகும் பொருளாக்கும் பழக்கம் அந்த ஆலையில் தேய்ந்துபோயிருந்தது என்பதுதான் என் கணிப்பு.

அந்தப் பழக்கம் தேய்ந்ததற்கும் 1986 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் 376-வது கிளையைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட கோல்ட் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். நிர்வாகம் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக மாற்று ஆட்களை வைத்து ஆலையை ஓட்டியது. போராட்டம் நான்கு ஆண்டுகள் நீண்டது. துப்பாக்கித் தொழிலில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். 1955-ல் வந்த பைத்தான் ரிவால்வர் போன்றவற்றைத் தேர்ந்த கைகள் பாகம் பாகமாக அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்தின. விசை இழுக்கும்போது கிடைக்கும் அந்த வழுவழுப்பு வரைபடத்தில் கிடையாது, ஆள் கையில் இருப்பது. அந்தக் கைகள் நான்கு வருடம் வாசலுக்கு வெளியே நின்றன. வேலைநிறுத்தத்தின் நடுவே, 1988-ல், எம்-16 ஒப்பந்தம் பெல்ஜிய எஃப்.என். நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குப் போனது. அவர்கள் கேட்ட விலை குறைவு. வாழ்ந்ததே அந்த ஒப்பந்தத்தால்தான் என்ற நிலையில், தாய்க் குழுமம் துப்பாக்கிப் பிரிவையே விற்பனைக்கு வைத்தது.

1990-ல் முதலீட்டாளர்கள், தொழிற்சங்கம், கனெடிகட் மாநில அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி மூன்றும் சேர்ந்து அதை வாங்கின. ஓய்வூதிய நிதி போட்டது 2.5 கோடி டாலர், கிடைத்தது 47 சதவீதப் பங்கு. வேலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில் செய்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டே ஆண்டில், 1992-ல், கம்பெனி திவால் பாதுகாப்பு கோரியது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. உழைப்பவர்களின் ஓய்வுக்காலப் பணத்தை இப்படி ஒரே ஆலையில், அதுவும் வாங்கும்போதே தள்ளாடிக்கொண்டிருந்த ஆலையில் போட்டிருக்கவே கூடாது என்று நினைக்கிறேன்.

1994-ல் நியூயார்க் முதலீட்டாளர் டானல்ட் ஸில்கா தலைமையிலான குழு கம்பெனியை வாங்கியது. அதன் பிறகு நடந்த ஒரு வினோதமான சம்பவம் கோல்டுக்கு இன்னொரு பத்து ஆண்டு ஆயுள் கொடுத்தது. எம்-16-ன் குட்டை வடிவமான எம்-4 கார்பைனின் தொழில்நுட்ப வரைபடங்கள் கோல்டுக்குச் சொந்தமானவை. அவற்றைக் கடற்படையின் ஓர் அலுவலகம் தவறுதலாகப் போட்டிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டது. அந்தத் தவறுக்கு ஈடாக ஏற்பட்ட சமரசத்தில், 2009 வரை எம்-4-ஐ அமெரிக்க ராணுவத்துக்குத் தயாரிக்கும் உரிமை கோல்டுக்கு மட்டுமே என்று முடிவானது. அப்புறம் ஆப்கானிஸ்தான், இராக் போர்கள் வந்தன. எம்-4 காலாட்படையின் முக்கிய ஆயுதமானது. போட்டியே இல்லாத ஒப்பந்தம், ஓயாத தேவை!

இதே காலத்தில் பொதுமக்கள் சந்தை என்ன ஆனது? 1990களின் இறுதியில் அப்போதைய தலைமை நிர்வாகி ரான் ஸ்டூவர்ட், துப்பாக்கி வைத்திருக்க மத்திய அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற யோசனையை ஆதரித்து எழுதினார். உரிமையாளரை மட்டும் அடையாளம் கண்டு இயங்கும் 'ஸ்மார்ட்' துப்பாக்கியிலும் கம்பெனி பணம் செலவழித்தது. யோசனை சரியா தவறா என்பது தனி விவாதம். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், கோல்டைப் புறக்கணியுங்கள் என்று குரல் கிளம்பியது. 1999-ல் பொதுமக்களுக்கான கைத்துப்பாக்கி வகைகளில் பெரும்பாலானவற்றை நிறுவனம் நிறுத்தியது. 2002-ல் கம்பெனியையே இரண்டாகப் பிளந்தார்கள். ராணுவத்துக்கும் போலீஸுக்கும் கோல்ட் டிஃபென்ஸ், பொதுமக்களுக்கு கோல்ட்ஸ் மேனுஃபாக்சரிங். லாபம் முன்னதில், புகழ் பின்னதில். பைத்தான் தயாரிப்பும் அந்தப் பத்தாண்டின் நடுவில் நின்றுபோனது. மற்றவர்கள் மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய பிஸ்டல்களை லட்சக்கணக்கில் விற்ற காலத்தில் கோல்டிடம் விற்க இருந்தவை 1911 பிஸ்டலும் ஏ.ஆர்.-15 ரைஃபிளும், கூடவே ஒரு சில பழைய மாடல்களும்தான். அந்த ரைஃபிளையும் எப்போதோ காலாவதியான காப்புரிமையால் டஜன்கணக்கான கம்பெனிகள் மலிவாகச் செய்துகொண்டிருந்தன.

இனி கடன் விஷயத்துக்கு வருவோம். எனக்கு உள்ளபடியே கோபம் வருகிற பகுதி இது.

எம்-4 ஒப்பந்தம் கொழித்த வருடங்களில் கோல்ட் டிஃபென்ஸின் பெரிய உரிமையாளர் சையன்ஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம். எம்-4 மீதான தனி உரிமை 2009-ல் முடியப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த தேதி. அதற்குள் கிடைத்த பணத்தைப் புதிய பிஸ்டலிலும், புதிய இயந்திரங்களிலும் போட்டிருக்க வேண்டும். நடந்தது நேர் எதிர். 2007-ல் கம்பெனியின் பேரில் கடன் வாங்கி, அந்தப் பணத்தை உரிமையாளர்களுக்கே பங்குத்தொகையாகப் பிரித்தார்கள். 2009 நவம்பரில், அதாவது எம்-4 உரிமை முடிந்து நாலைந்து மாதத்தில், 25 கோடி டாலருக்கு 8.75 சதவீத வட்டியில் கடன் பத்திரங்கள் வெளியிட்டார்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.2 கோடி டாலர் வட்டி மட்டும், அசல் 2017-ல் மொத்தமாக. மேற்கு ஹார்ட்ஃபோர்டில் இருந்த ஆலையும் கம்பெனிக்குச் சொந்தமில்லை. உரிமையாளர்களோடு தொடர்புடைய ஒரு நிறுவனத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குத்தகை 2015 அக்டோபரில் முடிய இருந்தது.

நல்ல காலத்தில் மட்டுமே தாங்கக்கூடிய வட்டி இது. 2013 பிப்ரவரியில் ராணுவம் எம்-4 வகைக்குத் திறந்த டெண்டர் முடிவை அறிவித்தது: 1,20,000 கார்பைன் வரை, சுமார் 7.7 கோடி டாலர், ஜெயித்தது மறுபடியும் எஃப்.என். இருபத்தைந்து ஆண்டு முன்பு எம்-16-ல் நடந்ததே திரும்ப நடந்தது, அதே போட்டியாளரிடம்.

அதே ஆண்டு கோல்ட் டிஃபென்ஸ், பொதுமக்களுக்கான கோல்ட்ஸ் மேனுஃபாக்சரிங்கைச் சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கி மறுபடி ஒன்றானது. பிளந்ததும் தவறு, ஒட்டியதும் தாமதம். 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் நடந்த கொடூரமான துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு தடை வந்துவிடுமோ என்று பயந்து மக்கள் ஏ.ஆர்.-15 வகையை வாங்கிக் குவித்தார்கள். 2014-ல் அந்தப் பயம் அடங்க, ரைஃபிள் சந்தை விழுந்தது. கோல்ட் ஒன்றுசேர்ந்தது சரியாக அந்தச் சரிவின் விளிம்பில்.

2014 நவம்பரில் பழைய கடனை அடைக்கவும் வட்டித் தவணையைக் கட்டவும் மார்கன் ஸ்டான்லியிடம் 7 கோடி டாலர் புதுக் கடன் வாங்கினார்கள். வட்டி கட்டக் கடன் வாங்கும் நிலைக்கு வந்த கம்பெனி அதிக நாள் தாங்காது. கடன் பத்திரம் வைத்திருந்தவர்களிடம், முகமதிப்பில் பாதிக்கும் குறைவான புதிய பத்திரங்களுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். போதுமான பேர் சம்மதிக்கவில்லை. 2015 மே மாதம் கட்ட வேண்டிய ஏறத்தாழ 1.1 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியவில்லை. முப்பது நாள் அவகாசம் முடிந்த ஜூன் 14 அன்று டெலவேர் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரி மனு தாக்கலானது.

இங்கே ஒரு விளக்கம். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-வது அத்தியாயம் என்பது ஆலையைப் பூட்டுவது அல்ல. கடன் கொடுத்தவர்கள் நெருக்காமல் நீதிமன்றம் தடுத்து வைக்க, கம்பெனி ஓடிக்கொண்டே கடனைத் திருத்தி எழுதிக்கொள்ளும். கோல்ட் அப்படித்தான் 2016 ஜனவரியில் சுமார் 20 கோடி டாலர் கடனைக் குறைத்து, 5 கோடி டாலர் புது மூலதனத்தோடு வெளியே வந்தது. அந்த 20 கோடியைச் சுமந்தது கடன் கொடுத்தவர்கள். 2007-ல் பிரித்துக்கொண்ட பங்குத்தொகையை யாரும் திருப்பித் தரவில்லை.

இது கோல்டுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1816-ல் தொடங்கிய ரெமிங்டனை 2007-ல் ஸெர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது, கடன் ஏறியது, 2018-லும் 2020-லும் இரண்டு முறை திவால், கடைசியில் பாகம் பாகமாக ஏலம். நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரில் இருந்த அதன் பழைய ஆலை 2024-ல் மூடப்பட்டது. ரெமிங்டன் விஷயத்தில் நியூடவுன் குடும்பங்கள் தொடுத்த வழக்கும் சேர்ந்துகொண்டது. 2022-ல் 7.3 கோடி டாலர் சமரசம், பணம் கொடுத்தவை காப்பீட்டு நிறுவனங்கள். அங்கும் கடன்தான் முதல் நோய், வழக்கு அதன் மேல் வந்தது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். திவாலுக்குப் பிறகு கோல்ட் செய்தது புத்திசாலித்தனமான காரியம் என்பேன். 2017-ல் ரிவால்வருக்குத் திரும்பியது. 2020 தொடக்கத்தில் பைத்தானைப் புதிதாக வடிவமைத்து, கையால் பொருத்தும் வேலையை நவீன இயந்திரங்களுக்கு மாற்றிக் கொண்டுவந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், பொதுமக்களுக்கான ஏ.ஆர்.-15 தயாரிப்பைச் சந்தையில் சரக்கு மிதமிஞ்சிக் கிடக்கிறது என்று சொல்லி நிறுத்திவைத்தது. பழைய ரிவால்வரை ஏன் செய்வதில்லை என்று வாடிக்கையாளர்கள் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒருவழியாக நடந்தது.

2021 மே மாதம் செக் நாட்டின் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா குழுமம் 22 கோடி டாலர் ரொக்கமும் சுமார் 11 லட்சம் பங்குகளும் கொடுத்து கோல்டை, அதன் கனடா ஆலையோடு சேர்த்து, வாங்கியது. அடுத்த ஆண்டு குழுமமே தன் பெயரை கோல்ட் சி.இஸட். என்று மாற்றிக்கொண்டது. பங்குகள் பிராக் சந்தையில் வர்த்தகமாகின்றன. நிதி நிறுவனத்தின் கையில் இருந்து துப்பாக்கி செய்யத் தெரிந்தவர்கள் கைக்குப் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. அமெரிக்க ராணுவத்தின் அடுத்த தலைமுறை ரைஃபிள் ஒப்பந்தம் 2022-ல் ஸிக் ஸாவர் என்ற நிறுவனத்துக்குப் போய்விட்டதால், அமெரிக்கக் காலாட்படையின் முதன்மை ரைஃபிளை கோல்ட் மறுபடி செய்யும் வாய்ப்பு இப்போதைக்குத் தெரியவில்லை. மேற்கு ஹார்ட்ஃபோர்டு ஆலையின் எதிர்காலம் ரிவால்வர், 1911 வாங்கும் பொதுமக்களையும், வெளிநாட்டு ராணுவங்கள் கேட்கும் எம்-4 ஆர்டர்களையும் நம்பியிருக்கிறது.